ஈடு என்கிற சொல்லும் ஏக்கர் என்கிற கணக்கும்

சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு புது நீர்த்தேக்கம் அறிவிக்கப்படும்போதெல்லாம் ஒரு பக்கம் எதிர்ப்பு வரும். அடுத்த நாளே அதற்குப் பதிலாக ஒரு வாதமும் வரும்: "சரி, அங்கே ஈரநிலம் போகுதுன்னா வேற இடத்துல அதே அளவுக்கு ஈரநிலம் உருவாக்கிட்டாப் போச்சு. தண்ணியும் கிடைக்கும், பறவையும் பிழைக்கும்." இதைச் சொல்பவர்கள் சூழலியலைக் கேலி பேசுகிற ஆட்கள் இல்லை. பெரும்பாலும் நியாயமானவர்கள், இரண்டு பக்கமும் வாழட்டும் என்று நினைக்கிறவர்கள். அதனால்தான் இந்த வாதத்தை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அந்த உண்மையின் முதுகில் ஏறி வருகிறது.

முதலில் "ஈடு" என்கிற சொல். நம்ம பேச்சில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று சமம்: "அவனுக்கு ஈடு யாரு?" இன்னொன்று அடகு: நகையை ஈடு வைத்துப் பணம் வாங்குவது. அடகுக்கடையில் நகையைக் கொடுத்தால் உரைகல்லில் உரைத்து, தராசில் போட்டுத்தான் மதிப்புச் சொல்வார்கள். எடை மட்டும் போதாது, மாற்றும் பார்ப்பார்கள். ஈரநிலத்துக்கு ஈடு என்று பேசும்போது நம் கையில் இருப்பது தராசு மட்டும்தான், அதுவும் ஏக்கர் தராசு. அங்கே இத்தனை ஏக்கர் போச்சு, இங்கே இத்தனை ஏக்கர் வந்தாச்சு. உரைகல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது பேச்சில் இருப்பது மாமல்லன் நீர்த்தேக்கம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், திருப்போரூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே இருக்கிற தாழ்வான உவர்நிலத்தில் சென்னைக்கான ஆறாவது நீர்த்தேக்கம். 2025-26 தமிழக பட்ஜெட்டில் இடம்பெற்றது. கொள்ளளவு 1.6 டிஎம்சி, நாளொன்றுக்கு 17 கோடி லிட்டர் குடிநீர் என்று கணக்கு. கொஞ்சம் வகுத்துப் பார்த்தேன். 1.6 டிஎம்சி என்பது ஏறத்தாழ 4,530 கோடி லிட்டர். ஆவியாவது, கசிவது எதையும் கழிக்காமல், ஒருமுறை நிறைந்தால் 266 நாளுக்கு வரும். தென்சென்னையில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்த இடம் வெறும் பள்ளம் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிற, கடல்நீரும் மழைநீரும் மாறி மாறி ஆள்கிற கழிமுகப் பகுதி. உப்பளம், சேற்றுத்திட்டு, ஆழமில்லாத உவர்நீர். மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். இறாலும் நண்டும் அந்த ஏற்ற இறக்கத்தை நம்பி வளர்வன. அவற்றைக் கையால் தடவிப் பிடித்து வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் கேளம்பாக்கம் பக்கம் போனவர்கள் பூநாரையையும், கொசு உள்ளான் கூட்டத்தையும், சிவப்புக் கால் பவளக்காலியையும் பார்த்திருப்பீர்கள். அங்கே கரை கட்டி நன்னீரைத் தேக்கினால் தண்ணீர் இருக்கும், நீர்ப்பரப்பும் இருக்கும், சொல்லப்போனால் கூடும். அந்த ஏற்ற இறக்கம் இருக்காது.

"நீர்த்தேக்கமே ஒரு ஈரநிலம்தானே?" என்று இந்த இடத்தில் கேட்பார்கள். இதற்கும் ஒரு வகுத்தல் போதும். பரப்பு நாலாயிரம் ஏக்கர் என்றே வைத்துக்கொள்வோம். 1.6 டிஎம்சியை அதில் பரப்பினால் சராசரி ஆழம் 2.8 மீட்டர் வருகிறது. நெடுங்கால் உள்ளான் என்று பெயரிலேயே நெடுங்கால் வைத்திருக்கிற பறவைக்கே ஒரு சாணுக்கு மேல் தண்ணீர் ஏறினால் நின்று இரை தேட முடியாது. கொசு உள்ளானுக்கு விரல் ஆழம் போதும், அதற்கு மேல் ஆகாது. வாத்தும் நீர்க்காகமும் வரும். வந்ததும் படம் எடுத்துப் போட்டு, "பாருங்க, பறவை வந்திடுச்சு" என்பார்கள். எந்தப் பறவை போயிற்று என்பதைப் படம் எடுக்க முடியாது.

உருவாக்க முடியாது என்பதும் தப்பு

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். "ஈரநிலத்தை மனுஷனால உருவாக்கவே முடியாது" என்று எதிர்த்தரப்பில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். உத்திரமேரூர்ப் பக்கம் இருந்துகொண்டு இதை ஒத்துக்கொள்ள முடியாது. இங்கே கண்ணில் படுகிற ஈரநிலம் எல்லாமே மனுஷன் உருவாக்கியதுதான்.

நீர்வளத்துறைக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகள், செங்கல்பட்டு மாவட்டத்தில் 528. இரண்டும் ஒன்றாக இருந்த பழைய மாவட்டத்துக்கு 909. ஊராட்சி ஏரிகள், தாங்கல்கள், குளம் குட்டைகள் இதில் சேராது. ஒன்றுகூட இயற்கை ஏரி என்று சொல்ல முடியாது. சரிவில் மண்ணை அள்ளிக் கரை போட்டு மழைநீரை மடக்கியவை. உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குக் கல்வெட்டில் வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரை ஒட்டி வந்தது என்பார்கள். அப்படியானால் வயது 1,100 ஆண்டுகளுக்கு மேல். அதற்குச் செய்யாற்றின் குறுக்கே அனுமந்தண்டலத்தில் இருக்கிற அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஏரி, அணைக்கட்டு, வரத்துக்கால்வாய் மூன்றுமே கைவேலை.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். "தாங்கல்" என்றாலே சின்ன ஏரி. வெறும் 30 ஹெக்டேர் சொச்சம் இருக்கிற பாசன ஏரி அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் தளங்களாக அறிவிக்கப்பட்டன. உலகம் ஒப்புக்கொண்ட ஈரநிலம், ஆனால் வெட்டிக் கட்டியது.

ஆக, உருவாக்க முடியும். கேள்வி அது இல்லை. இங்கே ஏற்கெனவே உருவாக்கி முடித்துவிட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்க பக்கத்து ஏரிகள் தனித்தனி இல்லை, சங்கிலி. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிகிற தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்தது. கடைசி ஏரி ஓடையிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடும். மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒரு சொட்டுக்கும் உரிமைக்காரன் உண்டு. கலங்கல் உயரத்தை ஓர் அடி ஏற்றிக் கட்டினாலே கீழூர்க்காரன் கடப்பாரையோடு வந்து நிற்பான். அப்படி நின்ற சண்டைகள் எல்லா வட்டத்திலும் உண்டு.

இந்த நிலப்பரப்பில் "புதிதாக 500 ஏக்கர் ஈரநிலம்" என்று ஒரு கோப்பில் எழுதினால் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மழை புதிதாகப் பெய்யப்போவதில்லை. ஏதோ ஒரு ஏரியின் வரத்தை வெட்டித்தான் கொடுக்க வேண்டும். அதாவது ஒரு ஈரநிலத்தைக் கட்ட இன்னொரு ஈரநிலத்தைக் காய வைக்க வேண்டும். இடம் கிடைக்கும், பணம் கொடுத்தால் கிடைக்கும். நீர்ப்பிடிப்பு கிடைக்காது. ஈடுகட்டும் திட்டங்கள் நிலத்தைத் தேடுகின்றன, தேட வேண்டியது தண்ணீரை. நான் பார்த்த வரையில் இந்த வாதத்தின் பெரிய ஓட்டை இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

"புதுசு வேண்டாம், இருக்கிற ஏரியைத் தூர் வாரி ஆழப்படுத்தினா அதுவே ஈடு" என்று இன்னொரு வழி சொல்வார்கள். தூர் எடுக்க வேண்டியதுதான். ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு வைகாசியில் போய்ப் பாருங்கள். ஏரியின் குறுக்கு வெட்டு இப்படி இருக்கும்: கரை ஓரத்தில், மதகுப் பக்கம் ஆழம், அங்கிருந்து உள்வாய்ப் பக்கம் போகப் போக மெல்ல மேடேறி, கடைசியில் எது ஏரி எது மேய்ச்சல் நிலம் என்று தெரியாதபடி முடியும். அந்த மங்கலான விளிம்புதான் பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் உயிர்நாடி. மார்கழியில் நிறைந்த தண்ணீர், நவரைப் பயிருக்கு மதகு திறக்கத் திறக்க, தையிலிருந்து சித்திரை வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். விளிம்பு தினமும் நகரும். நகர்கிற இடமெல்லாம் சேறும் புழுவும் நத்தையும் சிக்கிய மீனும் வெளியே தெரியும். நாரைக்கூடுகளில் குஞ்சுகள் வாய் பிளந்து கிடக்கிற மாதங்களும் அவையே. விவசாயத்துக்காக மதகைத் திறக்கிற கை, தெரியாமலே பறவைக்குப் பந்தி வைக்கிறது.

பொக்லைன் வைத்து லாரி லாரியாக மண் எடுக்கிறபோது இந்தச் சாய்வு போய்விடுகிறது. எங்கே வண்டி இறங்க வசதியோ அங்கே 10 அடிக்குச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். கொள்ளளவு கூடிவிட்டது என்று கணக்கு எழுதலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கும் போகாது, நாரைக்கும் எட்டாது. மாடு இறங்கினால் ஏற முடியாது. பிள்ளைகள் விழுந்து சாகிற செய்தியும் வருஷா வருஷம் படிக்கிறோம். இதைப் போய் ஈரநில மேம்பாடு என்று எழுதினால் என்ன சொல்ல?

கார்டிஃப் கதை

நம்மிடம் ஈடுகட்டிய ஈரநிலத்தைப் பத்து இருபது வருஷம் பின்தொடர்ந்து அளந்த பதிவு கிடைப்பது அரிது. வெளியே உண்டு. அதில் மாமல்லன் திட்டத்துக்கு மிக நெருக்கமானது வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப்.

கார்டிஃப் விரிகுடா இரண்டு ஆறுகள் கடலில் கலக்கிற கழிமுகம். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்பு, குளிர்காலத்தில் பவளக்காலிகள் வந்து தங்கும் இடம். நகரத்தை அழகுபடுத்த, அந்தச் சேறு கண்ணுக்கு நன்றாக இல்லை என்று குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். 1999 நவம்பரில் கதவு மூடியதும் சுமார் 200 ஹெக்டேர் நன்னீர் ஏரி உருவானது. அதற்கு ஈடாக நியூபோர்ட் அருகே 400 ஹெக்டேருக்கு மேல் ஈரநிலம் உருவாக்கி 2000-ல் திறந்தார்கள். ஏக்கர் தராசில் பார்த்தால் போனதற்கு இரட்டிப்பாக வந்தது. பணமும் நேர்மையாகச் செலவானது. வேலையும் நன்றாகச் செய்தார்கள். நாணல், ஈரப் புல்வெளி, உவர்நீர்க் குட்டை என்று இன்றைக்கு அது பேர்பெற்ற இயற்கைக் காப்பிடம், நல்ல இடம்தான்.

ஆனால் கார்டிஃப் பவளக்காலிக்கு என்ன ஆயிற்று? தடுப்பணைக்கு முன்னாலேயே அவற்றின் காலில் வண்ண வளையம் மாட்டி வைத்திருந்தார்கள், அதனால் பின்தொடர முடிந்தது. பெரும்பாலானவை பக்கத்து ரிம்னி கழிமுகத்துக்குப் போயின. அங்கே ஏற்கெனவே வேறு பவளக்காலிகள் இருந்தன. வந்தவை உடல் மெலிந்தன. 2006-ல் வெளிவந்த ஆய்வின்படி, வளர்ந்த பறவைகளில் ஆண்டுக்கு 84.6 விழுக்காடு பிழைத்திருந்தது, இடம்பெயர்ந்த பிறகு 77.8 ஆக இறங்கியது. ஏழு புள்ளிதானே என்று தோன்றும். திருப்பிப் பாருங்கள். முன்பு நூற்றில் 15 சாகும், பிறகு 22. சாவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

புது ஈரநிலத்தில் ஓதம் ஏறி இறங்கும் சேறு இல்லை. அதைக் கட்ட முடியாது, அல்லது கட்டச் செலவு தாங்காது. ஆகவே கட்ட முடிந்ததைக் கட்டினார்கள். வேறு பறவைகள் அங்கே வந்து வாழ்ந்தன. ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவரிடம் திருப்பிக் கொடுத்த மாதிரி. கணக்குப் புத்தகத்தில் பற்றும் வரவும் சரியாக இருக்கும், கொடுத்தவனுக்குக் காசு வந்திருக்காது.

நம்ம கேளம்பாக்கம் உவர்நிலத்துக்கு வருவதும் அதே இனப் பவளக்காலிதான். உவர் சேற்றுக்கு ஈடாக உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு நன்னீர்த் தாங்கலை அழகாக வெட்டிக் கொடுத்தாலும் அதற்கு அது ஈடாகாது. நத்தைகுத்தி நாரைக்கு ஆகலாம். எங்க பக்கம் அது ஏற்கெனவே நெல் வயலில் நத்தை பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கார்டிஃப் ஓர் ஊர்க் கதைதானே என்றால், பொதுக் கணக்கும் இருக்கிறது. உலகெங்கும் மீட்டெடுத்த, உருவாக்கிய 621 ஈரநிலங்களை ஒப்பிட்டு 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. பழைய ஈரநிலத்தோடு ஒப்பிட்டால் உயிரினங்களின் அமைப்பில் சராசரியாக 26 விழுக்காடும், மண்ணில் கரியைச் சேமிப்பது போன்ற வேலைகளில் 23 விழுக்காடும் குறைவு. நூறு வருஷம் ஆன பிறகும்கூட. வெப்பமான இடங்களிலும், 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரிய ஈரநிலங்களிலும், தண்ணீர் ஓட்டம் உள்ளவற்றிலும் மீட்சி கொஞ்சம் வேகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இது நமக்குச் சாதகமான செய்தி, மறைக்க வேண்டியதில்லை. நம்ம ஏரிகள் ஈரநிலமாக நிலைத்ததற்கு வெயிலும் ஒரு காரணம் போலிருக்கிறது. அமெரிக்கா 1989 முதல் "நிகர இழப்பு கூடாது" என்று கொள்கை வைத்துப் பார்த்தது. 2001-ல் அவர்களுடைய தேசிய ஆராய்ச்சிக் குழுவே அந்த இலக்கு எட்டப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. பல இடங்களில் ஈடு கட்டுவதாகச் சொன்னவர் கட்டினாரா என்றே யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம் சொல்ல ஒரு நல்ல உதாரணமும் உண்டு. இமாச்சலத்துப் போங் அணை நீர்த்தேக்கம். 1970-களில் கட்டியது, 2002-ல் ராம்சார் தளம். வரித்தலை வாத்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறது. தண்ணீர் இறங்க இறங்க அகலமான சாய்ந்த கரை வெளியே வருவதால் வருகிறது. நம்ம ஏரி உள்வாய் கதைதான், பெரிய அளவில். ஆனால் குடிநீருக்காகவே கட்டி, எப்போதும் நிறைத்து வைக்க வேண்டிய, சுற்றிலும் கரை போட்ட தேக்கத்துக்கு அந்தச் சாய்வு இருக்காது. இன்னொன்று, போங் அணையில் நிலம் இழந்து ராஜஸ்தானில் நிலம் தருவதாக அனுப்பப்பட்டவர்களின் வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. வாத்து வந்து சேர்ந்த வேகத்துக்கு மனுஷனுக்கு ஈடு வந்து சேரவில்லை.

சட்டத்தின் கண்ணில் இது எதுவும் ஈரநிலம் இல்லை

இந்தியாவில் காட்டை அழித்தால் பதிலுக்குக் காடு வளர்க்க வேண்டும். 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு. அந்த நிதிக்கென்று 2016-ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஈரநிலத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. அது இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் 2017 ஈரநில விதிகளை ஒருமுறை படிக்க வேண்டும். ஈரநிலம் என்றால் என்ன என்று சொல்கிற இடத்தில், எவை ஈரநிலம் இல்லை என்றும் பட்டியல் இருக்கிறது. ஆற்றின் ஓட்டப்பாதை, நெல் வயல், குடிநீருக்கென்று கட்டிய நீர்நிலை, பாசனத்துக்கென்று கட்டியது, மீன் வளர்ப்புக்கென்று கட்டியது, உப்பு எடுக்கக் கட்டியது, இவை எதுவும் ஈரநிலம் இல்லை.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். அழியப்போகிற பகுதியில் இருக்கிற உப்பளம் ஈரநிலம் இல்லை. கட்டப்போகிற குடிநீர்த் தேக்கம் ஈரநிலம் இல்லை. ஈடாகக் காட்டக்கூடிய பாசன ஏரி ஈரநிலம் இல்லை. அதைச் சுற்றி நாரை மேய்கிற வயலும் இல்லை. 1971-ல் ராம்சாரில் கையெழுத்தான உடன்படிக்கை செயற்கையாக உருவாக்கியதையும் ஈரநிலம் என்றே சொல்கிறது, அதில் இந்தியாவும் இருக்கிறது. வேடந்தாங்கலுக்குப் பாதுகாப்பு வருவது அது வனவிலங்குச் சட்டத்தின்கீழ் சரணாலயம் என்பதால். உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்கு அதுவும் இல்லை. 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றத்தான்; ஏரியில் என்ன வாழ்கிறது என்பது அதன் வேலை இல்லை.

சரணாலயம் ஆனாலும் நிம்மதி கிடையாது என்பதற்கு 2020 சாட்சி. வேடந்தாங்கலைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை. அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க வனத்துறையே முன்மொழிந்தது, எதிர்ப்பு கிளம்பியது. சுருக்கச் சொன்னவர்கள் பறவை ஏரியில்தானே இருக்கிறது என்று பார்த்தார்கள். பறவை ஏரியில் தூங்குகிறது, குஞ்சு பொரிக்கிறது. சாப்பிடப் போவது சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும். வேடந்தாங்கல் படுக்கையறை என்றால் சமையற்கட்டு மதுராந்தகம், உத்திரமேரூர் வட்டங்கள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஒரு ஈரநிலத்தை மட்டும் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கிறேன் என்கிற வாதம், படுக்கையறையைப் பெயர்த்து வேற தெருவில் வைக்கிறேன் என்பது போலத்தான்.

தேர்வாய் கண்டிகை உதாரணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி பக்கம் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை ஒன்றாக்கி அரை டிஎம்சி நீர்த்தேக்கம் கட்டினார்கள், 2020 நவம்பரில் திறந்தது. 1944 பூண்டிக்குப் பிறகு சென்னைக்கென்று புதிதாகக் கட்டியது அதுதான். "புதிது" என்கிறோம், உள்ளே இரண்டு பழைய ஏரிகள் இருக்கின்றன. சோழவரம், புழல், செம்பரம்பாக்கமும் ஒரு காலத்தில் பாசன ஏரிகள்தான். நகரம் வளர வளர ஏரி "நீர்த்தேக்கம்" என்று பதவி உயர்வு பெறும், ஆயக்கட்டு மனையாகும். ஈடு என்று யாரும் எதையும் வைக்கவில்லை, கேட்கவும் இல்லை.

ஏரி வாரியம்

உத்திரமேரூர் என்றாலே எல்லோரும் குடவோலை என்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 கல்வெட்டுகள். தேர்தல் நேரத்தில் தலைவர்கள் மேற்கோள் காட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி தேர்தல் முறை இல்லை, ஏரி வாரியம். 30 குடும்புகளில் குலுக்கி எடுத்தவர்களில் ஆறு பேர் ஏரிக்கென்றே. 360 நாள் பதவி, பிறகு விலக வேண்டும். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வர முடியாது, அவன் உறவுக்காரனும் வர முடியாது.

இதற்கும் முந்தைய பல்லவர் காலத்திலேயே இந்த ஊர்ச் சபை பொன்னை முதலாக வாங்கி வைத்து, அதன் வட்டியில் வைரமேக தடாகத்தில் தூர் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. முதல் அப்படியே இருக்கும், பலிசை மட்டும் செலவாகும். ஏரி இருக்கிற வரைக்கும் தூர் எடுக்கக் காசு இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

இதைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பார்ப்பன ஆண்களுக்குள்தான் குடவோலை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயர் அந்தச் சுவரில் இல்லை, அவன் ஓலையும் குடத்தில் இல்லை. ஆனால் ஒரு நடைமுறை விஷயத்தை அந்தச் சபை சரியாகப் பிடித்திருந்தது: நீர்நிலையைக் கட்டுவது ஒருமுறை, காப்பது வருஷா வருஷம். கட்ட ஒரு காசு, காக்க வேறு காசு. கணக்குக் காட்டாதவனை மறுபடி உள்ளே விடக்கூடாது.

இன்றைய ஈடுகட்டும் திட்டங்களில் இந்தப் பகுதிதான் காலி. திட்டம் முடிந்து ஒப்பந்ததாரர் பராமரிக்கும் காலம் என்று சில வருஷம் இருக்கும். அது முடிந்த மறுநாள் அந்த ஈரநிலம் யாருடையது? நீர்வளத்துறை பாசனத்துக்கு உதவாதது என்னுடையது இல்லை என்னும். வனத்துறை இது காடு இல்லை என்னும். ஊராட்சியிடம் மதகுக்குக் கிரீஸ் போடவே காசு இருக்காது. ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார், மதகு திறக்க, மூட, வயல் வயலாக முறை வைக்க. அறுவடையில் அவருக்குப் பங்கு நெல் போகும். பறவைக்காகக் கட்டிய ஈரநிலத்தில் அறுவடை கிடையாது, நீர்க்கட்டிக்கு யார் படி அளப்பார்?

அதனால், மாமல்லனோ, பரந்தூரில் விமான நிலையத்துக்குப் போகப்போகிற ஏரிகளோ, எதற்கு ஈடு என்று ஒரு கோப்பு வந்தாலும் அதில் நான் முதலில் தேடுவது பரப்பளவை இல்லை. எந்த ஏரியின் கலங்கல் தண்ணீர் இதற்கு வரப்போகிறது, அந்தக் கீழூர் கிராமசபை ஒத்துக்கொண்டதா? பங்குனியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும், அதை இறக்கி விடுவது யார்? அழிகிற இடத்தில் மதகைத் திறப்பதற்கு முன்பே புது இடத்தில் எத்தனை வருஷம் பறவை எண்ணினார்கள்? நண்டு பிடித்தவருக்கு அங்கே நண்டு உண்டா? இதற்கெல்லாம் பதில் எழுதிய கோப்பு ஒன்று வந்தால் நானே அதை ஆதரித்து எழுதுவேன். சில இடங்களில் "இதற்கு ஈடு கட்ட முடியாது, ஆனாலும் குடிநீருக்காக இழக்கிறோம்" என்று அரசு வெளிப்படையாகச் சொன்னால் அதையும் மதிப்பேன். அப்போது அந்தத் தண்ணீருக்கு உண்மையான விலை என்ன, கடல்நீரைக் குடிநீராக்குவதோ, குழாய்க் கசிவை அடைப்பதோ, பள்ளிக்கரணையை மேலும் சுருங்காமல் வைப்பதோ அதைவிட மலிவா என்று பேசத் தொடங்கலாம். ஈடு இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

அனுமந்தண்டலம் கால்வாயின் வழியில் இருக்கிற ஏரிகளை வரிசைப்படி குறித்து வருகிறேன். எந்த ஏரியின் கலங்கல் எதற்கு வரத்து என்ற படத்தோடு அடுத்த பதிவு. உத்திரமேரூர்ப் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர் ஏரியின் உபரித் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். பழைய பெயரோடு எழுதினால் இன்னும் நல்லது.